இரவில் வந்த எம்-சாண்ட் லாரியால் 40,500 ரூபாய் போனது: வீடு கட்டுபவர்கள் தயவுசெய்து படியுங்கள்

40,500 ரூபாய். மூன்று யூனிட் எம்-சாண்டுக்கும் (கல்லை நொறுக்கிச் செய்யும் மணல்) மூன்று யூனிட் முக்கால் இன்ச் ஜல்லிக்கும் சேர்த்து நான் கொடுத்த பணம் இது. வந்து சேர்ந்தது மூன்று யூனிட் கிரஷர் தூசி, அதாவது கல் உடைக்கும் ஆலையில் மிஞ்சும் தூள். ஜல்லி ஒரு கூடை கூட வரவில்லை. ஒன்பது நாட்களாகத் தொலைபேசியோடு மல்லுக்கட்டி ஓய்ந்துவிட்டேன். இன்னும் பலர் இதே ஆளிடம் பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்ற எண்ணம் தூங்கவிடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது தஞ்சாவூரில் தாத்தா காலத்து ஓட்டு வீடு. முன்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு, பின்கட்டின் ஓட்டைப் பிரித்துத் தளம் போடுவதாகத் திட்டம். 2025 ஏப்ரல் முதல் வாரத்தில் ஓட்டைப் பிரித்தோம். சுவரை உயர்த்தும்வரை கையில் இருந்த மணல் போதுமானதாக இருந்தது. பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, கம்பியும் கட்டி முடித்த நேரத்தில் சந்தையில் பொருளே இல்லாமல் போயிற்று.

ஏப்ரல் 16-ஆம் தேதி குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் கனிம நிலங்களுக்கான புதிய வரியை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தஞ்சாவூரைச் சுற்றி வயல்தான் உண்டு, பாறை கிடையாது. எங்களுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் பெரும்பாலும் புதுக்கோட்டைப் பக்கமிருந்துதான் வர வேண்டும். ஆற்றுமணல் வாங்கலாம் என்றால், 2023 செப்டம்பரில் அமலாக்கத் துறை சோதனை நடத்திய பிறகு அரசு மணல் குவாரிகள் மூடிக் கிடந்தன. காவிரிக் கரையிலேயே குடியிருந்தும் ஒரு வண்டி மணலை முறைப்படி வாங்க வழியிருக்கவில்லை. வழக்கமாக வாங்கும் கடைக்காரர், "வேலைநிறுத்தம் முடியட்டும் டீச்சர்" என்று நேர்மையாகச் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் பலகைக்கும் முட்டுக்கும் நாள் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. கட்டிய கம்பி திறந்த வானத்தின் கீழ் கிடந்தது. எழுபத்து நான்கு வயது அம்மா, சமையலறை இல்லாமல் திண்ணையில் ஸ்டவ்வை வைத்துப் பொங்கிக்கொண்டிருந்தார். அந்த நிலையில்தான், கட்டுமானப் பொருட்களை விற்பவர்களையும் வாங்குபவர்களையும் சேர்த்துவைக்கும் ஒரு கைப்பேசிச் செயலியில் தேடினேன். "இருப்பு உள்ளது, உடனடி விநியோகம்" என்று ஒரு விளம்பரம். பெயருக்குப் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்" என்ற பச்சை முத்திரை.

கூப்பிட்டேன். மிகவும் மரியாதையாகப் பேசினார். எம்-சாண்ட் யூனிட் 7,500, ஜல்லி யூனிட் 6,000 என்றார். விலை கூடுதல்தான், தட்டுப்பாட்டு நேரம் என்பதால் ஒப்புக்கொண்டேன். பெல்ட்டிலிருந்து எம்-சாண்ட் கொட்டும் வீடியோவும், பொதுப்பணித் துறை அங்கீகாரச் சான்றிதழ் என்று ஒரு படமும் அனுப்பினார். அதற்கெல்லாம் நான் முழுவதுமாக மயங்கிவிடவில்லை. "யூனிட் என்றால் நூறு கனஅடி. டேப்பை எடுத்து லாரித் தொட்டியை நீங்களே அளந்து பாருங்கள். ஓர் அங்குலம் குறைந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்" என்றார். ஏமாற்றுகிறவன் அளக்கச் சொல்வானா என்று நினைத்தேன்.

பிறகு, பின்னால் கொத்தனார் என்னைக் கூப்பிட்டது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "நீங்கள் டீச்சரா?" என்று கேட்டார். எட்டாம் வகுப்புப் படிக்கும் தன் மகளுக்குக் கணக்கு ஏறவில்லை என்றும், விடுமுறையில் என்ன சொல்லிக் கொடுக்கலாம் என்றும் கேட்டார். பின்னத்திலிருந்து தொடங்குங்கள், வாய்ப்பாட்டைத் தினமும் எழுதச் சொல்லுங்கள் என்று பத்து நிமிடம் அந்தப் பிள்ளைக்காகப் பேசினேன். அழைப்பை முடித்ததும் 20,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். வங்கிக் கணக்கில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. "என் தங்கை கணக்கு டீச்சர்" என்றார். அதையும் நம்பினேன். அப்படி ஒரு மகள் இருக்கிறாளா என்றே இப்போது தெரியவில்லை. பணம் போனதைவிட இதுதான் என்னை அதிகம் எரிக்கிறது.

பகலில் வண்டிகளை மறிக்கிறார்கள், இரவில்தான் வர முடியும் என்றார். ஏப்ரல் 23 அன்று இரவு பதினொன்றே கால் மணிக்கு லாரி வந்தது. தெருவிளக்கு எரியவில்லை. என் தம்பி கைப்பேசி வெளிச்சத்தில் டேப்பைப் பிடித்துத் தொட்டியை அளந்தான். முந்நூறு கனஅடிக்குக் கொஞ்சமும் குறையவில்லை. நாங்கள் அளவிலேயே கண்ணாக இருந்தோம். உள்ளே இருப்பது என்ன என்று ஒரு கைப்பிடி அள்ளிப் பார்க்கவில்லை. மேலே நன்றாக நனைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். இருட்டில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

முழுப் பணமும் கட்டினால்தான் கொட்டுவேன் என்றார் ஓட்டுநர். ஜல்லி எங்கே என்று கேட்டேன். "பின்னாலேயே வருகிறது, செங்கிப்பட்டி தாண்டிவிட்டது, அரை மணி நேரம்" என்றார். அந்த ஆளும் தொலைபேசியில் அதையே சொன்னார். மீதி 20,500 ரூபாயையும் அனுப்பினேன். மொத்தம் 40,500. அதிகாலை மூன்று மணிவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஜல்லி வரவில்லை.

காலையில் கொத்தனார் வந்து குவியலில் கை வைத்தார். கையை உதறினார்; கோலமாவு போல விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் அம்மாவிடம் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிவந்தார். அதில் பாதிக்குக் குவியலை அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கித் திண்ணையில் வைத்தார். நல்ல எம்-சாண்டாக இருந்தால் குருணை சட்டென்று அடியில் படிந்து, மேலே மெல்லிய கலங்கல் மட்டும் நிற்கும். இதில் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அடியில் கொஞ்சம் குருணை, அதன் மேல் இரண்டு விரல் கனத்துக்குக் களிம்பு. "டீச்சர், இது டஸ்ட். இதை வைத்துத் தளம் போட்டால் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், காய்ந்ததும் வெடிக்கும். நான் போட மாட்டேன்" என்றார். நொறுக்கிய கல்மணலில் 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரக்குறிப்பு. சோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்தேன். இதில் ஏறத்தாழ அதைப் போல இரண்டு மடங்கு.

அன்றே கூப்பிட்டேன். "ஏற்றும்போது பையன் மாற்றி அள்ளிவிட்டான் டீச்சர், நாளைக்கே மாற்றித் தருகிறேன்." மறுநாள் டயர் வெடித்துவிட்டதாம். அதற்கடுத்த நாள் முதலாளி ஊரில் இல்லையாம். முதலாளி என்று ஒருவர் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் வேலைநிறுத்தம் திரும்பப் பெறப்பட்டதும், இனியாவது ஜல்லியை அனுப்புங்கள் என்றேன். "மேடம், நீங்கள் அளந்து பார்த்துத்தானே இறக்கினீர்கள்?" என்று கேட்டு வைத்துவிட்டார். டீச்சர் என்று கூப்பிட்ட வாய் மேடம் என்று மாறிய அந்த நொடியில், பணம் திரும்ப வராது என்று புரிந்துவிட்டது. அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

செயலி நிறுவனத்திடம் புகார் கொடுத்தேன். 48 மணி நேரத்தில் பதில் என்றார்கள். நான்காம் நாள் வந்த பதில்: "பணம் எங்கள் செயலி வழியாகச் செலுத்தப்படவில்லை. நாங்கள் இருதரப்பையும் இணைப்பவர்கள் மட்டுமே. உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." அப்படியென்றால் அந்தப் பச்சை முத்திரை எதற்கு? வற்புறுத்திக் கேட்ட பிறகு, விற்பவரின் கைப்பேசி எண்ணை மட்டுமே சரிபார்த்ததாக ஒரு பெண் ஒப்புக்கொண்டார். அந்த விளம்பரம் இன்று காலைவரை அங்கேயே இருக்கிறது. "இருப்பு உள்ளது, உடனடி விநியோகம்."

1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்கு நான் கூப்பிட்டது ஐந்தாம் நாள். அதற்குள் அந்தக் கணக்கு துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. சோதனைக் கூட அறிக்கை, பணம் அனுப்பிய ரசீதுகள், அவர் அனுப்பிய வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். லாரி எண் மட்டும் இல்லை. எண் பலகை முழுக்கச் சேறு. துடைத்துப் பார்க்க அந்த நேரத்தில் தோன்றவில்லை.

தட்டுப்பாட்டு நேரத்தில் எப்படிப் பொருள் வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். மனம் ஓடவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். இரவில் இறக்க வராதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். குவாரி நடைச்சீட்டை, அதாவது பொருளை ஏற்றிவர அனுமதிக்கும் சீட்டைக் கேளுங்கள். இல்லையென்றால் வண்டி தெருவுக்குள்ளேயே வரக் கூடாது. மேலே அள்ளாமல் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பாட்டிலில் போட்டுப் பாருங்கள். வராத பொருளுக்குப் பணம் கட்டாதீர்கள். கடை ஒரு பெயரிலும் கணக்கு இன்னொரு பெயரிலும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏமாந்தது தெரிந்தால் அன்றே 1930-க்குக் கூப்பிடுங்கள். என்னைப் போல் காத்திருக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பொருள் மொத்தமும் வாசலுக்கு வரும்வரை கூரையைப் பிரிக்காதீர்கள்.

அந்தத் தூசியை அள்ளிக்கொண்டு போகவே 3,000 ரூபாய் கேட்கிறார்கள். தெற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. கம்பியின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டத் தம்பி கூப்பிடுகிறான், போகிறேன்.