நியூக் மேப்பும் அம்மாவின் சீரியலும்: சென்ஹைசர் எச்டி 560எஸ்

பழைய கேமிங் ஹெட்செட் சத்தத்தில் குறை வைக்கவில்லை. அதன் மெத்தைதான் கழுத்தறுத்தது. இரண்டு வருடத்துக்குள் செயற்கைத் தோல் உரிய ஆரம்பித்து, ஆட்டம் முடிந்து கண்ணாடியைப் பார்த்தால் காதைச் சுற்றி மிளகுத்தூள் தூவின மாதிரி இருக்கும். அந்தத் தோலுக்கு ஈரக்காற்று ஆகாது. சிங்கப்பூரில் வேறு எது பஞ்சமானாலும் ஈரக்காற்றுக்குப் பஞ்சமில்லை.

அதனால் இந்த முறை துணி மெத்தை கட்டாயம். கையில் 300 வெள்ளி. முதலில் சிம் லிம் சதுக்கத்தில் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். பெட்டிக்குப் பெட்டி 7.1 என்று கொட்டை எழுத்து, அதாவது சுற்றிலும் எட்டு ஸ்பீக்கர் வைத்தது போன்ற சத்தமாம். பெரும்பாலும் உள்ளே காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான், மற்றதெல்லாம் சாஃப்ட்வேர் போடும் வேஷம். நான் ஆடும் துப்பாக்கி ஆட்டமான கவுன்டர் ஸ்டிரைக் 2, எந்தச் சத்தம் எந்தத் திசை என்ற கணக்கைத் தானே போட்டு இரண்டு காதுக்கும் பிரித்து அனுப்புகிறது. அதன் தலையில் 7.1-ஐயும் ஏற்றுவது சாம்பார் சாதத்தில் ரசத்தை ஊற்றுவது போல. புளூடூத் பக்கமும் போகவில்லை. சுட்டபிறகு சத்தம் வருகிறது, மைக்கைத் திறந்தால் எல்லாம் தொலைபேசிக் குரலாகிவிடுகிறது.

அப்புறம் சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் அடெல்ஃபி கடைத்தொகுதி. அங்கே ஒரு கடையில் துணி மெத்தை வைத்த சென்ஹைசர் எச்டி 560எஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, லேப்டாப்பை விரித்து ஆட்டத்தின் நியூக் மேப்பைப் போட்டேன். ஏ தளத்துக்கு நேர் கீழே பி தளம். எதிரி தலைக்கு மேலே ஓடுகிறானா, காலுக்குக் கீழேயா என்று பழைய ஹெட்செட்டில் குத்துமதிப்பாகத்தான் சொல்வேன். இதில் இரும்புத் தளத்து மிதியும் சிமென்ட் மிதியும் தனித்தனியாகப் பிரிந்து கேட்டன. பாஸ் என்கிற அடித்தொனி அடக்கமாக இருப்பதால் குண்டு வெடித்தாலும் காலடி அதில் அமுங்கவில்லை. எடை 240 கிராம், மூன்று மணி நேரம் போட்டாலும் உச்சந்தலை வலிக்கவில்லை.

இதன் மின்தடை 120 ஓம் என்றதும், ஓட்டுவதற்குத் தனியாக ஆம்ப் (ஒலிபெருக்கிக் கருவி) வாங்க வேண்டுமோ என்று பயந்தேன். லேப்டாப்பே தாராளமாக ஓட்டியது. என் லேப்டாப் ஜாக்கில் ஒரு இரைச்சல் உண்டு, அதற்காக மட்டும் சவுண்ட் பிளாஸ்டர் பிளே 3 என்ற விரல் நீள டிஏசி (யுஎஸ்பியில் செருகும் சவுண்ட் கார்டு) வாங்கினேன். 1989-இல் முதல் சவுண்ட் பிளாஸ்டரைப் போட்ட நம்மூர் கிரியேட்டிவின் சரக்கு என்பதில் கொஞ்சம் பாசமும்தான்.

கேபிள் 3 மீட்டர், முனையில் தடியான 6.3 மில்லிமீட்டர் பிளக். சின்ன அடாப்டர் கூடவே வருகிறது. மிச்சக் கேபிளைச் சுருட்டிக் கட்டாவிட்டால் நாற்காலிச் சக்கரம் அதன்மேல் ஏறும். மைக் கிடையாது. 20 வெள்ளிக்கு ஒரு காலர் மைக் போதும் என்று முடித்துக்கொண்டேன்.

வாங்குமுன் யோசிக்க வேண்டியது இது திறந்த வகை என்பதைத்தான். உள்ளே நடப்பது வெளியே கேட்கும், வெளியே நடப்பது உள்ளே கேட்கும். எங்கள் ஈசூன் மூவறை வீட்டில் ஒன்பது மணிக்கு ஹாலில் அம்மாவின் சீரியல். காலர் மைக்கோ நாலு பக்கமும் காது கொடுக்கும் ரகம். போன வாரம் ஸ்கோர் 12-12, மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் பதுங்கியிருக்கிறேன். ஜொகூரில் இருந்து ஆடும் கூட்டாளி மெதுவாகக் கேட்கிறான்: "டேய், அந்த மருமகள் வீட்டுக்குத் திரும்பி வந்துட்டாளா?"