செந்தூல் பெக்காம் நிலையம்: கை சுத்தம், விசாரிப்பு போதாது

கோலாலம்பூர் செந்தூலில் கடைவீட்டு மாடியில் இருக்கும் இந்த நிலையத்தில் பெக்காம், அதாவது தோலில் கோப்பை வைத்து ரத்தம் உறிஞ்சும் சிகிச்சை, செய்கிறார்கள். வேலை சுத்தம். முதுகை ஆல்கஹாலால் துடைத்து, அது காயும்வரை பொறுக்கிறார்கள். கோப்பைகளின் உறையைக் கண்முன்னே பிரிக்கிறார்கள். கைப்பம்பில் இரண்டு மூன்று இழுப்பு, 3 நிமிடம். கோப்பையை எடுத்து மேல்தோலில் மட்டும் குத்தி, மறுபடி வைத்து 5 நிமிடம். அதிகம் இழுத்தால் அதிகக் குணம் என்பதெல்லாம் இல்லை, தோல்தான் கொப்புளிக்கும்.

நமக்குப் பிடித்தது குத்தும் முறை. பல இடங்களில் லான்செட் பேனாவின் (தோலைக் குத்தும் சின்ன ஊசியைப் பொருத்தும் கருவி) ஊசியை மட்டும் மாற்றிவிட்டு, அதே பேனாவை அடுத்தவருக்கும் வைக்கிறார்கள். தோலில் அழுந்தும் முன்மூடியிலும் ரத்தம் ஒட்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் 7 நாள்கூடத் தாங்கும். இங்கே பேனாவே கிடையாது. ஒரே முறை பயன்படுத்தும் லான்செட் ஊசி, குத்தியதும் நேராக ஊசிகளைப் போடும் மஞ்சள் டப்பாவுக்குள். 8 கோப்பைக்கு 90 வெள்ளி தாராளமாகக் கொடுக்கலாம்.

குறை விசாரிப்பில்தான். படிவத்தில் பெயர், கைப்பேசி எண், வலிக்கும் இடம், அவ்வளவே. வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் குத்திய இடத்தில் ரத்தம் லேசில் நிற்காது. ரத்தசோகை, கர்ப்பம், இனிப்புநீர், தழும்பு தடிக்கும் தோல் பற்றியும் கேட்டாக வேண்டும். கேட்கவில்லையென்றால் நாமே சொல்லிவிடுவது நல்லது.

கோப்பையில் ஜெல்லிபோல் உறைந்ததைக் காட்டி "கெட்ட ரத்தம்" என்கிறார்கள். அது நல்ல ரத்தம்தான், சில நிமிடம் வெளியே நின்றதால் உறைந்தது. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவங்களில் கொம்பு கட்டலும் (கொம்பு வைத்து உறிஞ்சுவது) குருதி வாங்கலும் (ரத்தம் எடுப்பது) உண்டு. ஆனால் பழமையான முறை என்பதற்காக இந்தக் "கெட்ட ரத்தம்" பேச்சை ஏற்க முடியாது. கழுத்து, முதுகு வலிக்குச் சிலருக்குக் கொஞ்ச நாள் இதம் கிடைக்கும். ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்த அது காரணமாகாது, ஆஸ்பத்திரி அப்பாயின்மென்டையும் தள்ளிப்போடக் கூடாது. மலேசியாவில் பாரம்பரிய, இணை மருத்துவச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. சிகிச்சையாளரின் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், வயிறு நிறையவும் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு முன் லேசாகச் சாப்பிட்டால் சரி. முடிந்ததும் சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழலாம். இங்கே 10 நிமிடம் படுக்க வைத்து, மைலோ கொடுத்தே அனுப்புகிறார்கள். கட்டுத்துணியை மறுநாள்வரை நனைக்காதீர்கள். குத்திய இடம் சூடாகிச் சிவந்து சீழ் வைத்தால், அதே கடைக்கு ஓடாமல் நேராகக் கிளினிக்குக்குப் போங்கள்.