உப்புக்காற்று ஊரில் நீராவி எஞ்சின்: கேஸா, கரியா?

நிஜமாகவே நீராவியில் ஓடுகிற சின்ன மாடல் ரயில் எஞ்சின் வாங்கலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், அப்புறம் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்பார்கள். மண்டபத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் கடலை ஒட்டி வீடு இருக்கிறவர்கள் அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இது எந்தத் தண்ணீர் குடிக்கும், எவ்வளவு குடிக்கும், ஓடி முடித்த ராத்திரி இதற்கு என்ன பண்டுவம் பார்க்கணும், இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நான் பாய்லரைக் கேஸ் தீயில் சூடாக்கி ஓடுவதை வாங்கினேன், இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். நிலக்கரியோ மரக்கரியோ போட்டு ஓட்டுகிற கரி எஞ்சின் என்னிடம் இல்லை. கீழக்கரையில் இருக்கிற ஒரு காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) இருக்கிறது, வளைகுடாவிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. அதற்குக் கரி அள்ளிப் போட்டும், அவரோடு உட்கார்ந்து கழற்றித் துடைத்தும் பார்த்ததை வைத்துத்தான் கரியைப் பற்றிப் பேசுகிறேன்.

அளவைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். தண்டவாள அகலம் 32, 45, 89, 127 மில்லிமீட்டர் என்று போகும். 89-லிருந்து ஆளே உட்கார்ந்து போகலாம், ஆனால் அதற்கு லேத், இடம், தூக்க ஆள் எல்லாம் வேண்டும். அது வேறு பேச்சு. நம் பக்கத்துக்கு 45 நல்ல பொருத்தம். 2007-ல் அகலப்பாதை வரும்வரை பாம்பன் பாலத்தில் ஓடியது மீட்டர் கேஜ்தானே, 1000 மில்லிமீட்டரை 22.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 45 வரும். 1:22.5 அளவில் செய்த எஞ்சினை 45 தண்டவாளத்தில் விட்டால் சின்ன வயதில் பார்த்த ரயிலின் வாட்டம் அப்படியே கிடைக்கும். பித்தளைத் தண்டவாளம் களிம்பேறினால் ஏறட்டும், தண்டவாளம் வழியாகக் கரண்ட் எடுக்கிற வேலை இதற்கு இல்லை.

ஸ்பிரிட்டில் ஓடுகிற எஞ்சினும் உண்டு. ஓடப் பார்த்திருக்கிறேன், வைத்திருந்ததில்லை, அதனால் அடக்கியே சொல்கிறேன். திரியில் எரியும், சத்தம் இல்லை, சாம்பல் இல்லை, அழகாகத்தான் இருக்கும். ஆனால் உச்சி வெயிலில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது, ஆடியில் கச்சான் அடிக்கும்போது தீ பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்து பெயின்ட்டை நக்கும். அதைவிடச் சிக்கல், ஸ்பிரிட்டை எங்கே வாங்குவது என்பது. 2024-ல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தில் அத்தனை பேர் செத்த பிறகு, மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டை "ரயில் விடுறதுக்கு" என்று சொல்லி லிட்டர் கணக்கில் கேட்டால் கடைக்காரர் மேலும் கீழும் பார்ப்பார், பார்க்கத்தான் வேண்டும். அதற்குப் பதிலாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஊற்றினால் மஞ்சளாக எரிந்து பாய்லர் பூராவும் புகைக்கரி பிடிக்கும். ஸ்பிரிட்டை இத்தோடு விடுகிறேன்.

கேஸ் எஞ்சின் ஓட்டுவது சுலபம். டிரைவர் நிற்கிற இடத்தில் ஒரு குட்டி டேங்க், லைட்டருக்கு நிரப்புகிற பியூட்டேன் கேனே அதற்குப் போதும். பர்னர் பாய்லருக்குள்ளேயே படுத்திருக்கிற குழாயில் இருப்பதால் கடல்காற்று தீயைத் தொடுவது குறைவு. புகைபோக்கியில் லைட்டரைக் காட்டி கேஸைத் திறந்தால் 'பொப்' என்று தீ உள்ளே போய் உட்காரும், கொஞ்ச நேரத்தில் சேஃப்டி வால்வு சீறும், வண்டி தயார். கேஸ் தீரும்போது பாய்லரில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கும்படி டேங்கின் அளவை வைத்திருப்பார்கள், அதனால் வெறும் பாய்லர் காய்கிற பயம் குறைவு. குளிர்தேசத்துக்காரர்கள் கேஸ் போதவில்லை என்று பியூட்டேனோடு புரொப்பேன் கலந்ததை வாங்குவார்கள், டேங்கைச் சுற்றி வெந்நீர்கூட வைப்பார்கள். நமக்கு எல்லாம் தலைகீழ். பியூட்டேன் கொதிப்பது பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில், நம் ஊர் வெயிலில் அது தானாகவே துள்ளிக்கொண்டு நிற்கும். அதனால் சுத்த பியூட்டேன் மட்டும் போடுங்கள், கலவை வேண்டாம், கேனை வெயிலில் வைக்கவும் வேண்டாம். கேஸ் வருகிற நுண்துளை, அதாவது ஜெட், அடைத்தால் கம்பி விட்டுக் குத்தாமல் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து கேஸை ஊதிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கரி எஞ்சினில் ஓட்டுகிறவருக்கு வேலை இருக்கிறது, அதுதான் அதன் சுகமே. மண்ணெண்ணெயில் ஊறவைத்த கரித்துண்டை உலையில் போட்டு, புகைபோக்கி மேல் சின்ன மின்விசிறியை வைத்து இழுக்கவிட்டு, நீராவி ஏறியதும் விசிறியை எடுத்துவிட்டு எஞ்சினின் சொந்த இழுப்புக்கு விட வேண்டும். அப்புறம் கரண்டியில் கரி, பம்பில் தண்ணீர், கண்ணாடிக் குழாயில் மட்டம் என்று கண் அங்கேயே இருக்க வேண்டும். சிலிண்டரை விட்டு வருகிற நீராவிதான் தீயையும் இழுக்கிறது என்பதால் ஏற்றத்தில் அது விடுகிற மூச்சே வேறு. கேஸ் எஞ்சினில் பர்னர் இரைச்சல் அந்த மூச்சைப் பாதி அமுக்கிவிடும். சத்தத்துக்கு மார்க் போட்டால் கரிக்குத்தான் முழு மார்க்.

கரிக்கும் நமக்குப் பஞ்சமில்லை. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி பக்கம் போனால் சீமைக்கருவேலக் கரி மூட்டம் புகையாத பக்கம் இல்லை. காக்கா அதை வாங்கிப் பட்டாணி அளவுக்கு உடைத்துச் சலித்து வைத்திருக்கிறார். எரியும், ஆனால் நிலக்கரி மாதிரி நின்று எரியாது, ரெண்டு சுற்றுக்கு ஒரு தரம் அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கணும். மரக்கரி லேசு என்பதால் வேகம் எடுத்தால் பொறி புகைபோக்கி வழியாகப் பறக்கும். சுற்றிலும் பனையோலைக் கொட்டகையும் காயப்போட்ட வலையும் இருக்கிற இடத்தில், காற்று அடிக்கிற நாளில், எனக்கு அது சரிப்படவில்லை.

இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், சண்டை போடலாம். தண்ணீரில் சண்டை போட முடியாது.

பாய்லர் என்பது ஒரு சின்ன உப்பளம். வாலிநோக்கத்தில் பாத்தியில் நடப்பதுதான் இங்கேயும்: தண்ணீர் ஆவியாகிப் போகும், அதில் கரைந்திருந்தது போகாது. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்பும் சுண்ணாம்பும் கரைந்த போர் தண்ணீர் என்று வையுங்கள், கடலோரத்தில் இதைவிட மோசமாகவும் இருக்கும். குடிதண்ணீருக்கே வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்றுதான் இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. கேஸ் எஞ்சின் ஒரு ஓட்டத்துக்கு ஒரு டம்ளர், ஒன்றரை டம்ளர் குடிக்கும், 250 மில்லி என்று வைத்தால் கால் கிராம் மிச்சம். கரி எஞ்சின் அப்படி நிற்காது, பம்பு ஊட்டிக்கொண்டே இருக்கும், ஒரு சாயங்காலத்தில் ரெண்டு லிட்டர் ஆவியானால் ரெண்டு கிராம், அது அத்தனையும் உள்ளே நிற்கிற அந்த ஒரு டம்ளர் தண்ணீருக்குள். வீட்டில் இட்லிச் சட்டி அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அது உலையின் கூரைத் தகட்டில் படிந்தால் தீயின் சூடு தண்ணீருக்குப் போகாமல் தகட்டிலேயே நிற்கும். அதோடு, உப்பு ஏற ஏற தண்ணீர் நுரைத்துக்கொண்டு நீராவிக் குழாய் வழியாக சிலிண்டருக்குப் போகும், அங்கே இருக்கிற எண்ணெயைக் கழுவிவிடும். வண்டி புகைபோக்கி வழியாகத் துப்ப ஆரம்பித்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள், வால்வை அப்புறம் பார்க்கலாம்.

ஆக, நல்ல தண்ணீர் வேண்டும். கேஸ் எஞ்சினுக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டியதை ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே பிடித்துவிடலாம்: முதல் ரெண்டு மழையை விட்டுவிட்டு (மொட்டை மாடித் தூசியும் காற்று கொண்டுவந்த உப்பும் அதில் போய்விடும்) அடுத்ததைத் துணியில் வடிகட்டி கேனில் வைத்தால் போதும். பேட்டரிக் கடைத் தண்ணீரும் போடலாம். ஆனால் ஒன்றுமே கரையாத அந்தத் தண்ணீர் பித்தளையில் இருக்கிற துத்தநாகத்தை இழுக்கும் என்று அனுபவக்காரர்கள் சொல்வார்கள், என் பாய்லரில் குழாய் மாட்டுகிற வளையம் (புஷ்) எல்லாம் வெண்கலம் என்பதால் எனக்கு அதைச் சோதித்துப் பார்க்கிற நிலை வரவில்லை. ஏ.சி.-யில் சொட்டுகிற தண்ணீரை நான் தொடுவதில்லை, கடலோரத்து ஏ.சி. தகட்டில் உப்பு இருக்கும். கரி எஞ்சினுக்கும் மழைத்தண்ணீர் ஊற்றலாம்தான், காக்கா அப்படித்தான் ஆரம்பித்தார், பங்குனிக்குள் தீர்ந்துவிட்டது. இப்போது கேன் தண்ணீர். "எஞ்சின் குடிக்கிற தண்ணிய நான் குடிக்கிறதில்ல தம்பி" என்கிறார்.

அடுத்தது ஓட்டம் முடிந்த ராத்திரி. 2025-ல் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் கம்பியும் துரு தடுக்கிற பாலிசிலாக்சேன் பூச்சும் வேண்டியிருந்தது, நம் எஞ்சினில் இருப்பது ஒரு கோட் பெயின்ட். சக்கரம், அச்சு, கம்பிகள் எல்லாம் இரும்பு, ரெண்டு வகைக்கும் அதில் வித்தியாசம் இல்லை: சூடு ஆறுவதற்குள் எண்ணெய்த் துணியால் துடைக்கணும், லூப்ரிகேட்டரில் (சிலிண்டருக்கு எண்ணெய் ஊட்டுகிற குட்டி டப்பா) சேர்ந்த தண்ணீரை சிரிஞ்சால் இழுத்துவிட்டு நீராவி எண்ணெய் நிரப்பணும், பாய்லரைக் காலி செய்து சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வைக்கணும். கேஸ் எஞ்சினுக்கு இவ்வளவுதான், ஒரு டீ குடிக்கிற நேரம். கரி எஞ்சினுக்கு இதற்கு மேல் உலைச் சாம்பல், புகைபோக்கிக்குக் கீழே இருக்கிற புகைப்பெட்டிச் சாம்பல், குழாய் ஒவ்வொன்றிலும் பிரஷ். சாம்பலை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட முடியாது. மரச்சாம்பல் ஈரத்தை இழுக்கும், நம் காற்றில் ஈரம் தனியாக வருவதில்லை, உப்போடுதான் வரும். காலையில் பார்த்தால் புகைப்பெட்டி அடியில் சாம்பல் களியாகக் கிடக்கும், அதற்குக் கீழே பெயின்ட் உப்பியிருக்கும். நிலக்கரி என்றால் கந்தகமும் சேரும். ஆசையாக ஓட்டிவிட்டுக் களைப்பாக உட்கார்ந்திருக்கும்போது கறுத்த கையோடு இன்னொரு முக்கால் மணி நேரம் வேலை செய்ய மனசு வேண்டும். காக்காவுக்கு அது இருக்கிறது. எனக்கு இல்லை.

ரிப்பேரில் ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். தாமிர பாய்லர் கசிந்தால் நம் ஊரில் கையில் கேஸ் டார்ச் இருக்கிற ஆள் ஏ.சி., ஃபிரிட்ஜ் மெக்கானிக்தான். நல்ல கைகாரர்கள், ஆனால் அவர்கள் உருக்கி ஒட்டவைக்கிற ராடு பெரும்பாலும் தாமிரமும் பாஸ்பரஸும் கலந்தது. கந்தகப் புகை படுகிற இடத்தில் அந்த ஒட்டு நாளடைவில் அரிக்கும், நிலக்கரி உலைக்கு அது ஆகவே ஆகாது. வெள்ளி நிறைய உள்ள ராடை நீங்களே வாங்கிக் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு நீராவி ஏற்றிப் பார்க்கிற வேலை வேண்டாம்: பச்சைத்தண்ணீரை நிரப்பிக் கைப்பம்பால் அழுத்திப் பாருங்கள், வேலை அழுத்தம் 40 பிஎஸ்ஐ என்றால் 80 வரை. 25 லிட்டருக்குக் குறைந்த பாய்லர் சட்டத்துக்குள் வராது என்பதால் யாரும் வந்து சோதிக்கப்போவதில்லை, அந்த வேலையும் நம் தலையில்தான்.

விலையில் பெரிய எஞ்சின் சின்ன எஞ்சின் வித்தியாசம்தான் அதிகம், கேஸ் கரி வித்தியாசம் அதற்கு அடுத்தது. ஒரே அளவில் கரி கூடத்தான் வரும், உள்ளே குழாய்களும் உலையும் வைத்துக் கட்டுகிற பாய்லர் வேலை அப்படி. திருப்பி விற்கிற கணக்கு ரெண்டுக்கும் வேண்டாம், நம் பக்கம் வாங்குகிற ஆளே இல்லை.

கடலை விட்டுத் தள்ளி, மதுரை மாதிரி ஊரில் இருந்து, கூட நின்று தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு பிள்ளையும் இருந்தால் கரி எஞ்சின் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை, ஓட்டும்போது என்னையும் கூப்பிடுங்கள். இங்கேயே இருந்துகொண்டு பழைய கரி எஞ்சின் மலிவாக வருகிறதே என்று ஆசைப்பட்டால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். புகைப்பெட்டிக் கதவைத் திறந்து அடித்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள், தண்ணீர் ஊற்றுகிற மூடியைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே வெள்ளை படிந்திருக்கிறதா என்று பாருங்கள், விற்கிறவர் எந்தத் தண்ணீர் ஊற்றினார் என்று கேளுங்கள். "பைப்புத் தண்ணிதான்" என்று சொன்னால் பேரம் பேச வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள்.