இழுவை போன டீசல் கார்: 1,46,000 கி.மீ. அனுபவம்

இந்த டீசல் ஹேட்ச்பேக்கை 2015-இல் வாங்கினேன். மைலேஜ், சீட், ஏசி எதிலும் பெரிய குறை இல்லை. எழுத உட்கார்ந்ததே ஏற்காடு மலைப்பாதையில் அது என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லத்தான்.

சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். 1,12,000 கி.மீ. ஓடியிருந்த சமயம், ஏழெட்டு வளைவு தாண்டியதும் வண்டி முக்க ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தாலும் இழுவை இல்லை. பின்னால் கறுப்புப் புகை, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஓரங்கட்டி, அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் பத்து நிமிஷம் ஒழுங்காகப் போகும். அப்புறம் பழைய கதைதான். தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கிற மெக்கானிக்கிடம் இது எப்படிச் சிக்கும்?

முதல் ஒர்க்‌ஷாப்பில் டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். மாற்ற வேண்டிய நேரம்தான், சரி. இரண்டாமவர், “கிளட்ச் பிளேட் முடிஞ்சிருச்சு சார், கியர்பாக்ஸை இறக்கிரலாம்” என்று பதினைந்தாயிரம் சொன்னார். அங்கேதான் பிடிவாதம் பிடித்தேன். கிளட்ச் வழுக்கினால் இஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் விறுவிறுவென்று ஏறும், வேகம் ஏறாது. என் வண்டியில் இரண்டு முள்ளும் சேர்ந்தே படுத்துக் கிடந்தன. இஞ்சினே சக்தி கொடுக்காதபோது கிளட்ச் என்ன செய்யும்?

ஆயிரம் ரூபாய்க்குள் வண்டியின் கோளாறு எண்ணைச் செல்போனில் காட்டும் ஒரு ப்ளூடூத் ஓபிடி கருவி வாங்கிச் செருகினேன். பி0299 என்று வந்தது. இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ; அது தள்ளும் காற்றழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். இதைப் பார்த்ததும் டர்போவையே மாற்றிவிடுகிறவர்கள் உண்டு, எனக்கும் வயிறு கலங்கியது. மச்சானை ஓட்டச் சொல்லிவிட்டு நான் செல்போனில் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே மலையேறினோம். சும்மா நிற்கும்போது 100 கிலோபாஸ்கல். ஏற்றத்தில் 200-ஐத் தொட வேண்டியது 130-லேயே நின்றது.

மூன்றாவது மெக்கானிக் வண்டியைத் தூக்கி, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடியில் டார்ச் அடித்தார். ஆயிலும் புழுதியும் சேர்ந்து மைபோல அப்பியிருந்தது. துடைத்து வளைத்தார், இரண்டு விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது. அழுத்தம் இல்லாதபோது மூடிக்கொள்ளும், ஏற்றத்தில் திறந்துகொள்ளும். காற்று பாதியிலேயே வெளியேறியதால்தான் அந்தக் கறுப்புப் புகை. ஹோஸும் கிளாம்பும் 2,600 ரூபாய்.

1,34,000-இல் கிளட்ச் நிஜமாகவே போனது. பைபாஸில் ஐந்தாவது கியரில் ஒரு லாரியை முந்த மிதித்தேன். முள் 2,000-லிருந்து 3,000-க்குத் தாவியது, வேகம் அதே 80. கூடவே கருகல் வாடை. இந்த முறை நானே போய், “அண்ணே, இறக்கிருங்க” என்றேன். பழைய பிளேட் தேய்ந்து ரிவெட் தலை தெரிந்தது.

இப்போது ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் அந்த ஹோஸின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறேன். போன மாதம் விரலில் வெறும் புழுதிதான்.