பேன்ட்ரி கார் சாப்பாடு: கோவையிலிருந்து டில்லிப் பக்கம்

பேன்ட்ரி கார் என்றதும் மேசை, நாற்காலி எதிர்பார்க்காதீர்கள்; அது சமையலறைப் பெட்டி, சாப்பாடு நம் இருக்கைக்கே வரும். கோவையில் ஏறியதும் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். ஈரோடு தாண்டிக் கேட்டால் மிச்சம் மீதிதான்.

சைவச் சாப்பாட்டில் கோளாறே சோறுதான். சுடச்சுடப் போட்டு மூடுவதால் ஆவி மூடியில் நீராகிச் சொட்டி, சோறு கட்டிதட்டிப் போகிறது. கைக்கு வந்ததுமே மூடியைத் திறந்து, கரண்டியால் கிளறி, ஆவி போகவிட்டுச் சாப்பிடுங்கள். சப்பாத்தி ஆறினால் வறட்டிதான். அப்போதைக்கப்போது போடும் ஆம்லெட் பரவாயில்லை.

மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் சைவச் சாப்பாட்டின் பட்டியல் விலை 80 ரூபாய். பில் கேட்டு வாங்குங்கள். கூடக் கேட்டால் 139 என்ற ரயில்வே உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அரிசிம்பருப்புச் சாதத்தைத் தூக்குப்போசியில் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, டீ மட்டும் வாங்கினால் போதும்.