எட்டுக் குப்பிச் சாயத்தில் ஒரு மங்கல் பச்சை

மூன்று மாதமாக இந்த எட்டுக் குப்பி திரவச் சாயத் தொகுப்பை வைத்துத்தான் மீன் பிடிக்கும் பிளாஸ்டிக் தூண்டில் புழு வார்க்கிறேன். நான் தேடியது ஒரே நிறம்: கிரீன் பம்ப்கின். பழுப்பு ஓடிய அந்த மங்கல் பச்சைதான் எனக்கு அதிக மீன் கொடுத்தது.

பச்சையும் பழுப்பும் அருமை. இரண்டும் ஒளி ஊடுருவும் சாயங்கள், புழுவுக்குள் ஆழம் தெரிகிறது. புழு வார்க்கச் சூடாக்கி அச்சில் ஊற்றும் திரவ பிளாஸ்டிக்தான் பிளாஸ்டிசால். அதில் 100 மில்லிக்குப் பச்சை 6 சொட்டு, பழுப்பு 8, ஆரஞ்சு 1. இந்தக் குப்பிகளில் எனக்கு அமைந்த கணக்கு இது. அந்த ஒற்றை ஆரஞ்சுச் சொட்டை விட்டுவிடாதீர்கள். அதிலுள்ள சிவப்புதான் பச்சையின் பளபளப்பை அடக்குகிறது.

சூடேறாத பிளாஸ்டிசால் பால்போல வெளுத்திருக்கும். அந்த நிலையில் நிறம் வெளிறித்தான் தெரியும். போதவில்லை என்று மேலும் சொட்டுவிட்டு இரண்டு வார்ப்பைக் கெடுத்தேன். கெட்டிப்பட்டு, மறுபடி இளகி, 175 டிகிரி செல்சியஸை ஒட்டித் தெளிந்த பிறகே உண்மை நிறம் தெரியும். இப்போதெல்லாம் வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி, ஆறியதும் உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். மெல்லிய ஓரம் வாலின் நிறத்தைச் சொல்லும், தடித்த நடுப்பகுதி உடலின் நிறத்தைச் சொல்லும்.

கறுப்பு மிகவும் வீரியம். ஒரு முழுச் சொட்டு விட்டால் பச்சை செத்துவிடும். ஒரு சொட்டை 20 சொட்டு மென்மையாக்கும் எண்ணெயில் கரைத்துத் தனிக் குப்பியில் வைத்திருக்கிறேன், பல்குச்சி நுனியால் தொட்டுச் சேர்க்கிறேன். இதைத் தயாரிப்பாளர் ஒரு வரியில் எழுதியிருக்கலாம். குப்பியில் எந்தக் குறிப்பும் இல்லை.

வெள்ளை அடியில் படிந்துவிடுகிறது. ஒரு சிறிய எஃகுக் குண்டை உள்ளே போட்டு நன்றாகக் குலுக்கினால் சரியாகிறது.

ஒளிரும் மஞ்சள்தான் பெரிய ஏமாற்றம். வாலில் மட்டும் ஊற்றினேன், சில நாளில் உடலுக்குள் பரவியது. அதே பெட்டியில் கிடந்த வெள்ளைப் புழுக்களிலும் ஏறிவிட்டது. அதைத் தனிப் பெட்டியில் வையுங்கள். நீலத்தை ஒரே சூட்டில் ஊற்றி முடித்துவிடுங்கள். மூன்றாம் முறை காய்ச்சியபோது பிளாஸ்டிசால் மஞ்சளித்து, நீலம் பச்சைப் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஜிகினா இந்தத் தொகுப்பில் கிடையாது. கைவினைக்கு விற்கும் சிவப்பு ஜிகினாவைப் போட்டேன். சூட்டில் அதன் சாயம் கரைந்து வெள்ளிப் பொடியாக நின்றது. வெப்பம் தாங்கும் பாலியெஸ்டர் ஜிகினா என்று கேட்டு வாங்குங்கள்.

புகையைச் சுவாசிக்காதீர்கள். நல்ல காற்றோட்டமும், ஆவியை வடிகட்டும் முகக்கவசமும் வேண்டும். சமையலுக்கு வைத்திருக்கும் மைக்ரோவேவை இதற்குத் தொடவே கூடாது. அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் கொதிக்கும் பிளாஸ்டிக் முகத்தில் தெறிக்கும்.

கடைப் புழு ஒன்றையும் நான் வார்த்ததையும் தண்ணீர் நிரம்பிய கண்ணாடித் தம்ளரில் தொங்கவிட்டு என் மகனிடம் காட்டினேன். எது எது என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இயற்கை நிறங்கள் வேண்டுமென்றால் தயங்காமல் வாங்கலாம். தனித்தனியாகக் கிடைத்தால் பச்சை, பழுப்பு, ஆரஞ்சு, கறுப்பு நான்கு போதும்.