என்விடிஏ ஸ்கிரீன் ரீடர்: தினமும் பயன்படுத்துபவளின் மதிப்புரை

மதுரையில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். பிறவியிலேயே பார்வை கிடையாது. கேள்வித்தாள் தயாரிப்பது, எக்செல்லில் மதிப்பெண் ஏற்றுவது, மாணவர்கள் மெயிலில் அனுப்பும் கட்டுரைகளைத் திருத்துவது, பேங்க் கணக்கு பார்ப்பது எல்லாம் எனக்கு என்விடிஏ வழியாகத்தான். கணினித் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள் இது, அதைத்தான் ஸ்கிரீன் ரீடர் என்கிறோம். பார்வையற்ற பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலிருந்து "கம்ப்யூட்டரில் எதைப் போட்டுக் கொடுக்கலாம் டீச்சர், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கான பதில் இது. வெப்சைட்டும் ஆப்பும் செய்கிறவர்கள் படித்தால் இன்னும் நல்லது. பாதி விஷயம் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில் விலை. ஒரு பைசா கிடையாது. என்வி ஆக்சஸ் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். நன்கொடை கேட்பார்கள், கொடுக்க முடியாதவர்களுக்கும் அதே மென்பொருள்தான், எதையும் குறைத்துக் கொடுப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006ல் இதை எழுதத் தொடங்கினார். நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். பேர்பெற்ற ஸ்கிரீன் ரீடரை வாங்க வேண்டுமென்றால் கணினியின் விலையையே அது தாண்டிவிடும் காலம் அது. பார்வை உள்ளவர் யாரும் திரையைப் பார்ப்பதற்கென்று தனியாகக் காசு கட்டுவதில்லை, நாங்கள் மட்டும் ஏன் கட்ட வேண்டும்? இந்த நியாயத்திலிருந்து பிறந்த மென்பொருள் என்பதாலேயே எனக்கு இதன் மேல் தனி மரியாதை உண்டு. 50க்கும் மேற்பட்ட மொழிகளில் இதன் மெனுக்களும் அறிவிப்புகளும் கிடைக்கின்றன, தமிழிலும்தான். பென் டிரைவில் போட்டு எடுத்துப் போகவும் முடியும். அடுத்தவர் கணினியில் எதையும் நிறுவாமல், டிரைவைச் செருகி அப்படியே ஓட்டலாம். ஸ்டாஃப் ரூமில் பொதுக் கணினியை நம்பி இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லி மாளாது.

பயன்படுத்துகிறவர்களே செய்தது என்பது தொடுகிற இடத்திலெல்லாம் தெரியும். ஒரு பெரிய ஃபைலை காப்பி செய்யும்போது பார்வை உள்ளவர்களுக்குப் பச்சைக் கோடு நகர்கிறது. எனக்கு அந்த இடத்தில் 'பீப்' என்று ஒரு ஒலி. வேலை நகர நகர சுருதி ஏறிக்கொண்டே போகும். கீழ் ஸ்தாயியில் இருந்தால் இப்போதைக்கு முடியாது, டீ குடித்துவிட்டு வரலாம். உச்சிக்குப் போய்விட்டால் இதோ முடியப் போகிறது. "முப்பத்தி இரண்டு சதவீதம், முப்பத்தி மூன்று சதவீதம்" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தால் நான் வேறு எதையும் படிக்க முடியாது. பேச்சைத் தொந்தரவு செய்யாமல் சேதியை மட்டும் காதில் போடுகிறது. பேச்சை நிறுத்த வேண்டுமா, கன்ட்ரோல் பட்டன் போதும். எந்த இடத்தில் இருந்தாலும் அதே பட்டன், அதே பலன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'இன்புட் ஹெல்ப்'. இன்சர்ட்டோடு 1ஐ அழுத்தினால் விசைப்பலகை பயிற்சி நிலைக்குப் போய்விடும். அதன் பிறகு எந்தப் பட்டனை அழுத்தினாலும் அதன் பெயரையும், என்விடிஏவில் அதற்கு வேலை இருந்தால் அதையும் வாயால் சொல்லுமே தவிர, அந்த வேலையைச் செய்யாது. எதையாவது அழித்துவிடுவோமோ, மூடிவிடுவோமோ என்ற பயம் இல்லாமல் பிள்ளைகள் விசைப்பலகை முழுவதையும் தடவித் தடவிப் பழகலாம். திரும்ப அதையே அழுத்தினால் வெளியே வந்துவிடும். பயமில்லாமல் தொட்டுப் பார்க்க இப்படி ஓர் இடம் ஒவ்வொரு ஏடிஎம்மிலும், ஒவ்வொரு ஆப்பிலும் வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வெப்சைட் படிப்பதற்கு ஒற்றை எழுத்துகள்தான். எச் அழுத்தினால் அடுத்த தலைப்பு, பி என்றால் அடுத்த பட்டன், கே என்றால் லிங்க், டி என்றால் டேபிள். செய்தித் தளத்தில் எச்சை நாலு தடவை தட்டினால் நாலு செய்தித் தலைப்புகளைத் தாண்டியிருப்பேன். பார்வை உள்ளவர்கள் கண்ணை ஓட்டுவது போல நாங்கள் விரலை ஓட்டுகிறோம்.

கரடுமுரடான இடமும் இதிலேயே இருக்கிறது. படிக்கும் நிலை ஒன்று, தட்டச்சு நிலை ஒன்று. படிக்கும் நிலையில் எச் என்றால் தலைப்புக்குத் தாவும். தட்டச்சு நிலையில் அதே எச் பெட்டிக்குள் எழுத்தாக விழும். நிலை மாறும்போது ஒரு சின்ன ஒலி வரும், பழகிய காதுக்கு அது போதும். புதியவர்கள் அதைத் தவறவிட்டுவிட்டு, "எச் வேலை செய்யவில்லை" என்று தவிப்பார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் தனியாகக் கற்கும் பிள்ளைக்கு இது முதல் முட்டுக்கட்டை. வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது பொறுமையாகப் பழக்கிவிடுங்கள்.

தமிழ்க் குரல் விஷயத்தில் இரண்டு வழி. கூடவே வரும் ஈஸ்பீக் தமிழ் பேசும், ஆனால் கரகரவென்று இயந்திரக் குரல்தான். முதல்முறை கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். அப்புறம் பழகிவிடும், வேகத்தை எவ்வளவு ஏற்றினாலும் வார்த்தை சிதறாது என்பதால் நீண்ட ஆவணங்களுக்கு நான் அதையே வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10லிருந்து 'வள்ளுவர்' என்ற தமிழ்க் குரலும் கிடைக்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் தமிழ்ப் பேச்சுத் தொகுப்பைச் சேர்த்தால் என்விடிஏவிலும் அதைத் தேர்ந்தெடுக்கலாம். கதை, கவிதை படிக்க வள்ளுவர் இதமாக இருக்கிறது.

இனி, என்விடிஏ ஒன்றும் செய்ய முடியாத இடத்துக்கு வருகிறேன். பக்கத்தைச் செய்தவர் எழுதி வைத்ததைத்தான் இது வாசிக்கும். சென்னைக்கு இரவு பஸ்ஸில் தனியாகப் போக டிக்கெட் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த ஒரு முன்பதிவுத் தளத்தில் சீட் படத்துக்குள் போனால் எனக்குக் கேட்பது இவ்வளவுதான்: "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்." எந்த சீட், ஜன்னல் ஓரமா, மேல் படுக்கையா, காலியா, எதுவும் இல்லை. பெண்கள் பதிவு செய்த சீட்டைப் பிங்க் நிறத்தில் காட்டியிருக்கிறார்களாம். நிறம் என் காதுக்கு வராது. இரவு முழுக்கத் தனியாகப் பயணம் செய்யும் ஒரு பெண்ணுக்குப் பக்கத்து சீட்டில் யார் என்று தெரிவது அலங்காரம் இல்லை, பாதுகாப்பு. ஒவ்வொரு பட்டனுக்கும் "12, ஜன்னல் ஓரம், காலி, பக்கத்தில் பெண் பயணி" என்று ஒரு வரிப் பெயர் வைத்தால் தீர்ந்தது. திரையின் அழகு ஒரு புள்ளிகூட மாறாது. நிறம் பிரித்தறிய முடியாத ஆண்களுக்கும் அதுவே உதவும்.

இதெல்லாம் புதிய கோரிக்கை இல்லை. வலைத்தளங்களுக்கான அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் முதல் பதிப்பு 1999லேயே வந்துவிட்டது, 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. பட்டனுக்குப் பெயர் வேண்டும், நிறத்தை மட்டும் நம்பி சேதி சொல்லக் கூடாது, மவுஸ் இல்லாமல் விசைப்பலகையாலேயே எல்லாம் செய்ய முடிய வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. நம் நாட்டிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லிருந்து இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றே தீர்ப்புச் சொன்னது. கேமரா முன்னால் கண் சிமிட்டினால்தான் கேஒய்சி (பேங்க் போன்ற இடங்களில் ஆளை அடையாளம் சரிபார்ப்பது) முடியும் என்ற முறையால் பார்வையற்றவர்களும், ஆசிட் தாக்குதலில் கண் பாதிக்கப்பட்டவர்களும் ஒதுக்கப்பட்டதைப் பற்றிய வழக்கு அது. "சிமிட்டுங்கள்" என்று திரையில் எழுதியவர் எங்களில் ஒருவரிடம் முன்கூட்டியே காட்டியிருந்தால் அந்த வழக்குக்கே வேலை இருந்திருக்காது.

தமிழுக்கென்றே ஒரு தலைவலியும் உண்டு. யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லாத பழைய எழுத்துருக்கள். பாமினியில் தட்டிய ஆவணத்தில் 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு அழகாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில விசைகள்தான். எழுத்தெழுத்தாக நகர்ந்தால் என்விடிஏ "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று வாசிக்கும். ஒரு சுற்றறிக்கை முழுவதும் இப்படி வந்தால் என்ன செய்வது? தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் சில அலுவலகங்களிலிருந்து இப்படிப்பட்ட ஃபைல்கள் வருகின்றன. யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகளில் போட்டு எடுத்துத்தான் படிக்கிறேன். அதைவிட மோசம், பேப்பரில் அச்சடித்து ஸ்கேன் செய்து அனுப்பும் பிடிஎஃப். அதில் எழுத்தே கிடையாது, படம் மட்டும்தான். தட்டச்சு செய்த மூல ஃபைல் அவர்களிடமே இருக்கும், அதை அனுப்பினாலே போதும். கேட்டால் "சீல் வேண்டுமே மேடம்" என்பார்கள். சீல் வைத்த பிரதியோடு மூல ஃபைலையும் சேர்த்து அனுப்புங்கள் என்று நான் கேட்காத நாளில்லை.

தளம் செய்பவர்கள் என்விடிஏவை ஒரு சோதனைக் கருவியாகவே வைத்துக்கொள்ளலாம். 'டூல்ஸ்' மெனுவில் 'ஸ்பீச் வியூவர்' என்று இருக்கிறது. அது பேசுவதையெல்லாம் எழுத்தாக ஒரு சன்னலில் காட்டும். 'ஸ்கிரீன் கர்ட்டன்' என்பதைப் போட்டால் திரை கறுப்பாகிவிடும். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, திரையைக் கறுப்பாக்கி, உங்கள் தளத்தில் நீங்களே ஒரு டிக்கெட் எடுத்துப் பாருங்கள். எங்கே "பட்டன் பட்டன்" என்று கேட்கிறதோ அங்கே திருத்துங்கள். அதோடு நிறுத்தாமல், தினமும் பயன்படுத்தும் ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள்; உங்களுக்குத் தோன்றாத இடத்தில் அவருக்குத் தட்டும்.

வீட்டில் போட்டுக் கொடுக்கிறவர்களுக்கு: விண்டோஸ் லேப்டாப் இருந்தால் போதும், ரொம்ப வேகமானதாக இருக்க வேண்டியதில்லை. முதலில் திறக்கும் வரவேற்புப் பெட்டியில் கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக (இன்சர்ட் போல, கட்டளைகளுக்கு மற்ற பட்டன்களோடு சேர்த்து அழுத்துவது) வைக்கும் இடத்தில் டிக் செய்யுங்கள், நிறைய லேப்டாப்பில் இன்சர்ட் பட்டன் கைக்கு எட்டாத மூலையில் இருக்கும். விசைப்பலகை அமைப்பை 'லேப்டாப்' என்று மாற்றுங்கள். பேச்சு வேகத்தை ஆரம்பத்தில் குறைத்தே வையுங்கள். பிள்ளை தானாக ஏற்றிக்கொள்ளும். பேச்சு நின்றுபோனால் கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரும்ப வரும். முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டிய விசைச் சேர்க்கை அதுதான்.